கோணல் ஸ்டார்

பூசைக்குப் போன கணவன் இன்னாசி வருவதற்குள் ரெஜினா மஞ்சக்குப்பத்து ஆபீசுக்குக் கிளம்பியாக வேண்டும். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் பேனாவை அழுத்தி எழுதினாள்.

"என்னங்க, நெத்திலிக் கொழம்பு அடுப்பு மேல இருக்கு. சோறு மட்டும் வடிச்சிக்குங்க. குடில்ல வைக்கோல் பாதிதான் போட்டிருக்கேன், மீதிய மெதுவா பாத்துக்கலாம். சீரியல் லைட்டு சிக்கலாவே ஜன்னல்ல கெடக்கு. எரியுது, போதும்.

பதினோரு மணிக்குச் சிதம்பரத்துலேருந்து ஒங்க அக்கா வராங்க. வாசல்ல ஸ்டாரப் பாத்ததும், 'அப்பா செத்த வருஷத்துல ஸ்டார் கட்டலாமா'ன்னு குதிப்பாங்க. நேத்து நீங்க குதிச்ச மாதிரியே. நான்தான் கட்டுனேன்னு சொல்லுங்க. வாய் வரலன்னா இந்தச் சீட்டக் காட்டுங்க. வருஷா வருஷம் தன் கையாலேயே கட்டுன மாமாவுக்கு, ஒங்க அப்பாவுக்கு, ஸ்டார் இல்லாத கிறிஸ்துமஸ் தெரியாது. நானும் கத்துக்கப் போறதில்ல."

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, தாளின் ஓரத்தில் இடுக்கி எழுதினாள்.

"ஸ்டார நேராக்கிடாதீங்க. கோணலா இருக்கேன்னு அக்கா சொன்னா, யாரு கட்டுன மாதிரி இருக்குன்னு கேளுங்க. அதுக்கப்பறமும் அவுக்கணும்னா, அவுங்களே ஏணி போட்டு ஏறி அவுக்கட்டும்."