உருண்டைக்கு ஊற்றிய பால்

22 ஜூலை 2025, செவ்வாய்

ஓடைக்கு அந்தப்பக்கத்து ஊருக்குப் போய்வந்தேன். பாதி தூரம் ஷேர் ஜீப், மீதி நடை. முழங்கால் இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறது.

சின்னக்குழந்தை என்கிறவளின் மூன்று மாதப் பிள்ளைக்கு மூச்சிழுப்பு. மூக்கோரம் எண்ணெய் மினுமினுக்கிறது. "மூக்குல எண்ணெ வுட்டியா?" என்றேன். "இல்லீங்க நர்சம்மா." பிள்ளையைக் குளிப்பாட்டியதும் மூக்கில் விளக்கெண்ணெய் விடுவது இங்கே வீட்டுக்கு வீடு நடக்கிறது. அது நேராக நுரையீரலுக்குப் போகும் என்று பதினோரு வருடமாகத் தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்துகிறேன். மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதே இல்லீங்க. கோபம் தலைக்கேறிவிட்டது. "பொய் சொல்றவளுக்கு நான் எப்படி வைத்தியம் பாக்கறது?" என்று நாலு பேர் முன்னால் கத்தினேன். அவள் பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டாள். ஜீப் பிடித்துப் போளூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டில் மோகனுக்கு ஏக சந்தோஷம். எங்கள் வளர்ப்புப் பாம்பு உருண்டை ஒரே மூச்சில் எலியை விழுங்கியதாம். பெண்டாட்டி காலையிலிருந்து சாப்பிட்டாளா என்று கேட்க ஆளில்லை!

நாலு வருடம் முன்னால் பெங்களூரில் அந்தப் பாம்பை வாங்கி, அரசாங்கத்தில் பதிவுசெய்து, அந்தச் சான்றிதழை பிரேம் போட்டு மாட்டிய மனுஷன். எங்கள் கல்யாண போட்டோவுக்கு இன்னும் பிரேம் இல்லை. ஆப்பிரிக்கச் சாதி, விஷம் கிடையாது, பரம சாது. பயந்தால் கேழ்வரகுக் களி மாதிரி உருண்டுகொள்ளும். பெயர் நான் வைத்ததுதான்.

25 ஜூலை, ஆடி வெள்ளி

பக்கத்து வீட்டுக் குப்பம்மாக்கா காலையிலேயே கிண்ணத்தில் பாலோடு வந்துவிட்டார். "வூட்லயே நாகத்த வெச்சிகினு ஒரு வாய் பால் ஊத்தாம கீறியே வெண்ணிலா. அப்புறம் எப்பிடி வயித்துல தங்கும்?"

சிரித்தேன். "அக்கா, இது ஆப்பிரிக்கா பாம்பு, நம்ம வேண்டுதல் அதுக்குப் புரியாது. எந்தப் பாம்பும் பால் குடிக்காது" என்று வகுப்பெடுத்து அனுப்பினேன். கிண்ணத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மோகன் போளூருக்கு, வங்கி வேலைக்குக் கிளம்பிப் போனபிறகு — இங்கேயாவது எழுதிவிடுகிறேன் —

ஊற்றினேன்.

முதலில் கிண்ணத்தோடு உருண்டையின் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். பீரோவைத் திறந்து வெள்ளிச் சங்கை எடுத்தேன். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, பால் புகட்டுவதற்கென்று அம்மா வாங்கிவைத்த சங்கு. அந்தப் பிள்ளை தங்கவில்லை. போன கார்த்திகையில் இரண்டாவதும் ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. சங்கு மட்டும் பளபளவென்று இருக்கிறது.

ஒரு கையால் தலையைப் பிடித்து, உதட்டோரம் சங்கின் நுனியை நுழைத்து ஒரு வாய். இன்னொரு வாய். தொண்டையில் களக்கென்றது. உதறிக்கொண்டு உருண்டையாகிவிட்டது.

ஒரே ஒரு பிள்ளை வேண்டும் என்று கேட்டேன். மலை முழுக்க உபதேசம் செய்கிற நர்சம்மா கேட்டேன்.

26 ஜூலை

சங்கை வெந்நீரில் கழுவிப் பழைய இடத்திலேயே வைத்தேன். உருண்டை நன்றாகத்தான் இருக்கிறது.

3 ஆகஸ்ட், ஞாயிறு

இரண்டு நாளாக மழை, கரண்ட் இல்லை. எலியைக் காட்டியும் உருண்டை முகத்தைத் திருப்பிக்கொண்டது. "சட்ட உரிக்கப் போவுது, அதான்" என்றார் மோகன். சட்டை உரிப்பதற்கு முன்னால் அதற்குக் கண் மங்கும். மங்கவில்லை, தெளிவாக இருக்கிறது. நான் அதைச் சொல்லவில்லை.

மூச்சுவிடும்போது டிக் டிக்கென்று ஒரு சத்தம். ஓட்டில் மழை சொட்டுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

6 ஆகஸ்ட், புதன்

மழை விட்டுவிட்டது. சத்தம் விடவில்லை.

கண்ணாடியில் சாய்ந்து தலையை மேலே தூக்கி, வாயைக் கொஞ்சம் பிளந்தபடியே இருக்கிறது. உதட்டோரம் நுரை. பிள்ளைகளுக்கு மூச்சு முட்டும்போது தாய்மார்கள் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொள்வார்கள். இதற்குத் தூக்க ஆளில்லை, தானே நிமிர்ந்து நிற்கிறது.

பெட்டிக்கு அடியில் இருக்கும் சூட்டு விரிப்பின் ஒயர் கழன்றிருப்பதை மோகன் கண்டுபிடித்தார். கரண்ட் வந்த பிறகும் சூடே இல்லாமல் கிடந்திருக்கிறது. "மாத்தணும் மாத்தணும்னு ஒரு மாசமா வாயாலயே சொல்லிகினு இருந்தேன். குளிர்ல போட்டுக் கெடுத்துட்டனே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

புது ஒயரைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

8 ஆகஸ்ட், வெள்ளி

வேலூர். தலையணை உறைக்குள் உருண்டை, கூடையில் அதற்குத் துணையாக வெந்நீர் பாட்டில், மேலே துண்டு. பஸ்ஸில் ஒருவர், "இன்னாமா கூடைல, சீத்தாப்பழமா?" என்றார். "ஆமாங்க, இன்னும் பழுக்கல" என்றேன். பொய் எனக்கு எவ்வளவு சரளமாக வருகிறது!

டாக்டர் சிவசங்கரிக்குப் பாம்பு வைத்தியம் தெரியும். வாயைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். வாயின் முன்பக்கத்திலேயே, நாக்குக்குப் பின்னால், மூச்சுக்குழலின் துளை. நமக்கு இருப்பதுபோல மேலே மூடி கிடையாதாம். எதை ஊற்றினாலும் முதலில் அங்கேதான் போகும்.

"நிமோனியா. குளிர்ல வந்திருக்கலாம். வாய் வழியா வேற ஏதாவது குடுத்தீங்களா?"

மோகன் இல்லையென்று தலையாட்டினார். டாக்டர் என்னைப் பார்த்தார்.

"இல்லீங்க டாக்டர்."

சின்னக்குழந்தையின் குரல். அதே இழுவை.

மூன்று நாளைக்கு ஒருதரம் ஓர் ஊசி. "நீங்க நர்சுதானே, வீட்லயே போட்டுடுங்க" என்று கொடுத்தனுப்பினார்.

11 ஆகஸ்ட், திங்கள்

இரண்டாவது ஊசி.

மோகன் லீவு போட்டுவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சூட்டை அளந்துகொண்டிருக்கிறார். கழன்ற ஒயரை வீசவில்லை. ஜன்னலில், கண்ணுக்கு நேராக வைத்திருக்கிறார்.

சொல்லிவிடலாமா? சொன்னால் சங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்கு, போன கார்த்திகை, இதெல்லாம் நாங்கள் பேசுவதே இல்லை. அதோடு... குப்பம்மாக்காவைப் பார்த்துச் சிரித்த என் வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சீ. ஒரு உயிர் மூச்சுக்குத் திணறுகிறது, எனக்கு என் மரியாதை பெரிசா?

பெரிசாகத்தான் இருக்கிறது. இன்றும் சொல்லவில்லை.

14 ஆகஸ்ட், வியாழன்

நுரை கெட்டியாகி மஞ்சளாகிவிட்டது. மூச்சுக்கு மூச்சு விசில். இனி தாங்காது — அதுவும், நானும். மத்தியானம் டாக்டருக்குப் போன் போட்டேன். மோகன் பக்கத்தில் இருக்கும்போதே போட்டேன். இரண்டு தடவை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"பால் குடுத்தேன் டாக்டர். இருபது நாளைக்கு முன்னாடி. சங்குல. ரெண்டு வாய்."

"அன்னிக்கே சொல்லியிருந்தா உள்ள இருக்கறத எடுத்து சோதிச்சிட்டு வேற மருந்து போட்டிருப்பேன். ஆறு நாள் போச்சேம்மா. நீங்க நர்சு வேற. சரி, கொண்டாங்க" என்றார்.

மோகன் கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் ஜன்னலிலிருந்த ஒயரை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். "ஒரு வாரமா இத பாத்துப் பாத்து செத்துகினு இருக்கேன். நீ என்னைய பாத்துகினு சும்மா இருந்த இல்ல?"

ஆமாம். இருந்தேன்.

15 ஆகஸ்ட்

முதல் பஸ்ஸுக்கு அவர் மட்டும் கூடையோடு போனார். நானும் வரட்டுமா என்று கேட்டதும் கூடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கினார்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

உருண்டை இன்னும் வேலூரில்தான். சளியை எடுத்துச் சோதித்தார்கள், மருந்தை மாற்றினார்கள், ஆவி பிடிக்க வைக்கிறார்கள். மோகன் ஒருநாள் விட்டு ஒருநாள் போய்வருகிறார். வீட்டில் உப்பு, புளி தவிர வேறு பேச்சு இல்லை.

இன்று செருப்பைக் கழற்றும்போது, "கொஞ்சம் நாக்கு நீட்டிச்சி" என்றார், சுவரைப் பார்த்து. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை வீடு பூராவும் கூட்டிப் பெருக்கினேன்.

2 செப்டம்பர், செவ்வாய்

உருண்டை போய்விட்டது. காலை ஒன்பதேகால் மணிக்கு.

5 செப்டம்பர், வெள்ளி

பதிவுசெய்த பிராணி இறந்தால் அதையும் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டுமாம். மோகன் லேப்டாப்பில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். இறப்புக்குக் காரணம் என்ற இடத்தில் டாக்டர் கொடுத்த சீட்டைப் பார்த்து எழுதினார். நுரையீரல் தொற்று.

"பால்னு எங்கயும் போடல" என்றார்.

"ஒயர்னும் போடல" என்றேன்.

லேப்டாப்பை மூடிவிட்டு, "ஏண்டி பண்ண?" என்று கேட்டார். பீரோவிலிருந்து சங்கைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்கிட்ட கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். நீ அழுதிருப்ப. நானும் அழுதிருப்பேன். அவ்ளோதானே வெண்ணிலா?"

அவ்வளவுதான். இரண்டு பேர் உட்கார்ந்து அழுதிருந்தால் தீர்ந்திருக்கும். அதைச் செய்யாமல் ஒரு வாயில்லாப் பிராணியின் வாயில் ஊற்றினேன்.

7 அக்டோபர், செவ்வாய்

ஓடைக்கு அந்தப்பக்கம் போனேன். சின்னக்குழந்தையின் பிள்ளை பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து தேறி வந்தது. இப்போது மறுபடியும் இழுப்பு. என் குரல் கேட்டதுமே அவள் பிள்ளையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். மூக்கோரம் அதே மினுமினுப்பு. கேள்வி நாக்கு நுனிவரை வந்தது.

விழுங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். என் வீட்டுப் பாம்பைப் பற்றிச் சொன்னேன். இரண்டு பிள்ளைகள் தங்காமல் போனது, சங்கு, பால், டாக்டர் கேட்டது, நான் இல்லீங்க என்றது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்களாங்க?"

"நானேதான்."

"பொழச்சிதுங்களா அது?"

"இல்ல. சொல்றதுக்கு லேட் பண்ணிட்டேன்."

சின்னக்குழந்தை என்னையே பார்த்தாள். பிறகு பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போய், பிசுபிசுத்த விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்தாள்.

"ஆஸ்பத்திரிலருந்து வந்ததுலருந்து குளிப்பாட்டறப்பல்லாம் வுட்டேங்க. நேத்துகூட."

நான் கத்தவில்லை. எத்தனை சொட்டு என்று மட்டும் கேட்டேன். மூக்குக்கு மூணு என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும் சீட்டில் அதை முதல் வரியாக எழுதினேன்.

ஜீப் வரும்வரை பிள்ளை என் மடியிலேயே இருந்தது.