பாய் கடை ஊசி

ஐப்பசி பௌர்ணமி, 1978

தூக்கமே வரவில்லை. கிரிவலம் வருகிறவர்களின் காலில் தைத்த முள்ளை எடுத்துவிடுவதையே பூசையாகச் செய்துவந்த எங்கள் சாமியாரம்மா போன மாதம் சமாதியானார். அவர் பெயரில் மடம் கட்ட இன்று கூட்டம், நான்தான் செயலாளர். மலையைச் சுற்றிவிட்டுப் போகலாமென்று நடந்தேன். அடி அண்ணாமலையில் முள் தைத்தது. தையல்கடை பாய் ஓடிவந்து என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"வலிச்சா கத்துங்க சார், சாமி கோச்சிக்காது."

அப்படியே அம்மாவின் பேச்சு!

"இத எங்க கத்துக்கினீங்க, பாய்?"

"என் கால்லயும் எடுத்தாங்களே சார்."

அதற்குள் ஒரு பெண் நொண்டிக்கொண்டே வந்தாள். பாய் மடியில் ஏற்கெனவே வேறொருவர் கால். அவரிடம் இன்னொரு ஊசியை வாங்கிக்கொண்டு நானே உட்கார்ந்துவிட்டேன். "வலிச்சா கத்தும்மா" என்றேன். கத்தினாள், பிறகு சிரித்தாள். அப்புறம் எத்தனை கால்கள்!

கூட்டத்துக்குப் போகவேயில்லை. நாளை கேட்பார்கள். ஊசி என் சட்டைப் பையிலேயே வந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கப் போவதில்லை.