அறுத்த வயலில் பாஸ்க்காரர்

தை மாதம், ஞாயிறு.

வேளாங்கண்ணிக்கு வந்திருக்கும், ஸ்பெயினின் வடக்கே உள்ள பாஸ்க் நாட்டுத் தம்பதியை இன்று என் காரில் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனேன். கணவர் கடைசிவரை சொந்த ஊர் அணிக்கே கால்பந்து ஆடியவராம். முட்டி போனபிறகு பந்தைத் தொட்டதே இல்லை என்றார் மனைவி.

திருத்துறைப்பூண்டி தாண்டி டீ குடிக்க நின்றோம். அறுவடை முடிந்த வயலில் பெண்பிள்ளைகள் பந்தாடிக்கொண்டிருந்தார்கள்.

“ஒரு ஆள் குறையுதுண்ணே, அந்த சாரை வரச் சொல்லுங்க” என்றாள் ஒருத்தி.

விளையாட்டாகத்தான் அவரிடம் சொன்னேன். பேண்டை மடித்துவிட்டு இறங்கிவிட்டார். அவரையே ஏமாற்றி அந்தப் பெண் கோல் போட்டபோது அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்து மனைவி அழுதுவிட்டார்.

சாயங்காலம் முட்டி வீங்கிவிட்டது. நான் சொல்லாமலே இருந்திருக்கலாமோ? ஐஸ் கட்டியோடு அவர்கள் தங்கியிருந்த அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

“வலிக்கிறது. ஆனால் இது ஆடியதால் வந்த வலி” என்றார், சந்தோஷமாக.