நான் எழுதாமல் விட்ட பதினொரு நாட்கள்

படலையடியில் ஓட்டோ ஹோர்னை இரண்டு தரம் அடித்து என்னைக் கூப்பிடும் என் அப்பாவுக்கு,

நாங்கள் இப்போது அஜ்மானில் மாமாவின் அறையில் இருக்கிறோம். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். அதனால் குளியலறைக்குள் இருந்து இதை எழுதுகிறேன். விளக்கைப் போட்டால் காற்றாடியும் சேர்ந்து சுற்றும். அழுதாலும் வெளியே கேட்காது.

காலையில் துபாயில் எங்களுக்கு நேர்காணல். எங்களை அகதிகளாக ஏற்கும்படி நாங்கள் கேட்டிருக்கும் நாட்டின் எல்லைத்துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்து விசாரிப்பாராம். அவர் நம்பினால் போகலாம். நம்பாவிட்டால், விசா முடிய ஊருக்குத்தான் திரும்பவேண்டும். உங்களைத் தேடி வந்தவர்கள் இன்னும் அங்கேதானே இருக்கிறார்கள், அப்பா?

பின்னேரம் மாமா அரிசி மூட்டையில் ஏறி இருந்து, அதிகாரி மாதிரி அம்மாவைக் கேள்வி கேட்டார். நாங்கள் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி என் கையில் இருந்தது.

“உங்கட வீட்டு வாசல் எந்தப் பக்கம்?”

“உனக்குத் தெரியாதோ? மூண்டு நேரமும் வந்து திண்ட வீடுதானே.”

“அக்கா, நான் இப்ப ஒஃபிசர். அவனுக்கு உப்பிடிச் சொன்னா நாளைக்கே பிளேன்ல ஏத்திப்போடுவான்.”

அம்மா சிரித்தார். கனநாளைக்குப் பிறகு சிரித்தார். மாமா குரலைத் தணித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டார்.

“அத்தான் எப்ப செத்தவர்?”

“அவங்கள் கொண்டுவந்து ரோட்டில போட்டுட்டுப் போய், பதினோராம் நாள்.”

“ம். பேப்பரில உள்ளதைத்தான் வாயும் சொல்லவேணும். ஒரு சொல் மாறினாலும் கலாஸ், எல்லாம் முடிஞ்சுது. என்ன பிள்ளை, சரிதானே?”

நான் காகிதத்தைப் பார்த்தேன். “சரி மாமா” என்றேன்.

சரியில்லை, அப்பா. காகிதத்தில் ‘அன்றிரவே இறந்துபோனார்’ என்று இருக்கிறது.

அம்மா தமிழில் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதியவள் நான். பள்ளிக்கூடத்தில் என் ஆங்கிலத்தை மெச்சுகிறார்கள் என்று அம்மாவுக்குப் பெருமை. எழுதியதை வாசிக்கத் தெரியாமலே, என்னை நம்பிக் கையெழுத்து வைத்தார். காணாமல் போன சித்தப்பாவின் படத்தோடு நீங்கள் வீதியோரப் போராட்டத்தில் இருந்தது, சிவில் உடுப்பில் வந்தவர்கள் உங்களை ஏற்றிப் போனது, எல்லாம் ஒழுங்காக எழுதினேன். நீங்கள் திரும்பி வந்த இடத்தில் கை நின்றுவிட்டது.

அந்தப் பதினொரு நாளும் உள்ளறையில் கிடந்தீர்கள். உங்கள் முகம் உங்கள் முகமாக இருக்கவில்லை. முதல் நாள் தண்ணீர் கேட்டீர்கள். நான் செம்போடு வாசலடியில் நின்றேன். உள்ளே வரவில்லை. நீங்கள் அம்மாவிடம் சொன்னீர்கள்: “பிள்ளை பயப்பிடுது. கதவைச் சாத்து.”

கதவு சாத்தினதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. அதைத்தான் என்னால் எழுத முடியவில்லை. அன்றிரவே நீங்கள் போயிருந்தால், நான் உங்களிடம் வராமல் விட்ட நாட்களே இருந்திருக்காது அல்லவா? அதற்குப் பிறகு நீங்கள் என்னைக் கூப்பிடவேயில்லை. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேனா?

என் ஒரு வரியால் அம்மா பொய்க்காரி ஆகப்போகிறார். ‘அன்றிரவே என்று சொல்லுங்கோ’ என்று அவரைக் கேட்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் அந்த நாட்களில் உங்களுக்குக் கஞ்சி பருக்கியவர் அவர். என் வெட்கத்துக்காக அவர் அதை மறைக்கவேண்டுமா?

பஸ் ஏறுமுன் அம்மாவிடமும் மாமாவிடமும் சொல்லிவிடுவேன். ஏசுவார்கள், ஏசட்டும். பிறகு அந்த அதிகாரி முதல் கேள்வி கேட்குமுன்பே, பிழையான வரியை எழுதியது நான் என்று சொல்லுவேன். ஏன் என்று கேட்பார். செம்போடு வாசலில் நின்றதைச் சொல்லுவேன். நம்புவாரோ தெரியாது. ஆனால் இந்த முறை ஒரு நாளையும் குறைக்கமாட்டேன், அப்பா.

கதவுக்கு வெளியே நின்ற
உங்கள் மூத்த மகள்
தர்ஷி