நானூற்றுப் பதினேழாம் எண் பொருள்

கிழக்குக் கென்டக்கி
மே 9

அன்பு மகள் டார்லாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம், உன் அம்மாவின் முழங்கால் மட்டும் நலமில்லை. அலாஸ்காக் கடலோரத்தில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கம்பளிச் சட்டையைக் கழற்றாமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். ஜூனில் எனக்கு வேலை போய்விடும், உன்னோடு வந்து இருந்துவிடுகிறோம் என்று போன மாதம் எழுதியிருந்தேன் அல்லவா, அதில் ஒரு மாற்றம். சிரிக்காமல் படி.

சுரங்கத்தை மூடியதிலிருந்து நான் ஆரம்பப் பள்ளியில், வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்கிய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். மத்திய அரசின் உதவியில் நடக்கிற அறை அது, பென்சில் சீவுகிற இயந்திரம்வரை எல்லாவற்றிலும் எண் போட்ட ஸ்டிக்கர் இருக்கவேண்டும். வெள்ளத்தில் கெட்டுப்போன பிரிண்டரைப் பிப்ரவரியில் தூக்கிப்போட்டபோது உரிந்து வந்த 417ஆம் எண் ஸ்டிக்கரை, வெண்டா என்ற ஏழு வயதுப் பெண் என் முதுகில் ஒட்டிவிட்டாள். மூன்றெழுத்துச் சொல்லைத் தாண்டாத பிள்ளை, குறும்புக்குக் குறைச்சல் இல்லை. எனக்கு எதுவும் தெரியாது. அன்றைக்கென்று பார்த்துத் தலைநகரத்திலிருந்து தணிக்கை அதிகாரி வந்து நின்றார். நானூத்திப் பதினேழு எங்கங்க என்று கேட்டார், அதோ கொட்டாவி விட்டுக்கிட்டு நிக்குதே என்று வெண்டா கைகாட்டினாள். மனிதர் சிரிக்கவே இல்லை. என்னைத் திருப்பி நிறுத்தி எண்ணைச் சரிபார்த்து, பழசு, ஆனா ஓடுது என்று முணுமுணுத்தபடி எழுதிக்கொண்டார். இந்த அறை லிஸ்ட்ல இல்லாத பசங்க இதை உபயோகிக்கிறாங்களா என்று தலைமையாசிரியை ஃபியூகேட் அம்மாளைக் கேட்டார், அந்த அம்மாள் வெளிறிப்போய், ஷூ லேஸ் கட்டிக்க மட்டுந்தாங்க என்றாள். அதுவும் கூடாதாம்.

ஏப்ரலில், பிள்ளைகள் நன்றாக வாசிக்கத் தொடங்கிவிட்டதால் இனி உதவி தேவையில்லை, அறையை மூடலாம் என்று உத்தரவு வந்தது. நேற்று இன்னொரு கடிதம். ஃபியூகேட் அம்மாள் மூன்று தடவை படித்துவிட்டு, ஆர்வல், எனக்குத் தலை சுத்துது, நீங்களே பாருங்க என்று கொண்டுவந்து நீட்டினாள். என் கண்ணாடியோ வீட்டில். வெண்டா பிடுங்கி விரல் வைத்துப் படித்தாள். அறையை மூடினாலும் 417ஆம் எண் பொருளைப் பழுதாகும்வரை பள்ளியைவிட்டு அகற்றக் கூடாது, பராமரிப்புச் செலவு தொடரும் என்றிருந்தது. என் சம்பளத்துக்குத்தான் அந்தப் பெயர். பராமரிப்பு என்ற இடத்தில் முட்டிக்கொண்டு நின்றாள். அந்தச் சொல் எனக்கு வாய்வரை வந்துவிட்டது, சொல்லிக்கொடுக்காமல் அடக்கிக்கொண்டேன். நெற்றி வேர்க்கத் தானாகவே கூட்டிப் படித்துத் தாண்டினாள். பிறகு, ஆர்வல் சார், நீங்க எங்கயும் போக முடியாது, நானே படிச்சேன் என்றாள். நான் மூக்கைச் சிந்த வெளியே போய்விட்டேன்.

நான் பிரிண்டர் இல்லை, மனிதன் என்று அதிகாரிக்கு உண்மையை எழுதிப்போடுவதுதான் நியாயம் என்கிறாள் உன் அம்மா. சரியென்றுதான் காகிதம் எடுத்து உட்கார்ந்தேன். அந்தக் காகிதத்தில்தான் இப்போது உனக்கு எழுதி முடித்திருக்கிறேன்.

ஆண்டவர் உன்னைக் கடலிலும் குளிரிலும் காப்பாராக. ஞாயிறு அன்னையர் தினம், அம்மாவைக் கூப்பிட மறந்துவிடாதே.

உன் அப்பா,
ஆர்வல் ஸ்டிடம்