வலை பிடிக்க ஆள் இல்லை

கம்போங் சினாங்,
மழைக்காலக் கடைசி.

அன்புள்ள தம்பி வுத்திக்கு,

அண்ணி சோபியாப் எழுதுவது. நானும் அத்தையும் நலம் என்றுதான் எழுத வேண்டும். தாய்லாந்தில் கட்டட வேலையில் நீ உடம்பு தேறியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

ஏரி நிரம்பிவிட்டது. அத்தைக்குக் கண் மங்கிவிட்டது, வாய் மங்கவில்லை. "மூத்தவன் தண்ணிக்குள்ள போயிட்டான், சின்னவன் தாய்லாந்துக்குப் போயிட்டான், உன்னைய என் தலையில கட்டிட்டானுங்க" என்று தினமும் திட்டுகிறாள்.

செத்தவர்களுக்குச் சோறு படைக்கும் பிச்சும் பென் வருகிறது. உன் அண்ணனும் விகாரை விகாரையாகச் சோறு தேடி அலைவார். "தம்பிக்காரன் கையால ஒரு உருண்டை விழுந்தாத்தான்டி அவனுக்குப் பசி அடங்கும்" என்கிறாள் அத்தை. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

அண்ணன் செத்த அன்று, மீன் பிடிக்கத் தண்ணீரில் இன்னும் மின்சாரமே விடவில்லை, அதற்குள் அண்ணன் வழுக்கி விழுந்துவிட்டார் என்று போலீசிடம் சொன்னாய். படகில் கிடந்த விரால்கள் தூண்டிலில் பிடித்தவை என்றாய். சாவுச் சாப்பாட்டுக்கு அவற்றை அறுத்தது நான். தூண்டில் மீனுக்குச் சதை வெளுப்பாக இருக்கும். மின்சாரம் பாய்ந்த மீன் தன்னையறியாமல் கம்பியை நோக்கி வரும், அந்த வெட்டி இழுப்பில் முதுகெலும்பு உடைந்து பக்கத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும். எல்லா மீனிலும் கட்டியிருந்தது. அவற்றைத்தான் குழம்பு வைத்தேன். நீ இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய்.

தண்ணீரில் நிற்பவர் கை தூக்காமல், படகில் இருப்பவர் மின்சாரம் விடும் மிதிகட்டையில் கால் வைக்கக் கூடாது. பெரிய விராலைக் கண்டதும் வைத்துவிட்டாய். அது ஆத்திர அவசரம், போகட்டும். ஆனால் வலை அவர் கையில் இருந்தது. விரல்களைப் பிரிக்க முடியாமல் வலைக் கம்பை அறுத்துத்தான் அவரை எரித்தோம். அப்படியென்றால் மீனை நீ கையால்தான் பொறுக்கியிருக்க வேண்டும். மிதிகட்டையிலிருந்து காலை எடுத்துவிட்டு, தண்ணீருக்குள் கை விட்டாய். அவர் பக்கத்தில்தான் கிடந்திருப்பார். நீ மீனை எடுத்தாய்.

அத்தையிடம் இதைச் சொல்லவில்லை. கிழவிக்கு மிச்சம் இருப்பது நீ ஒருவன்தானே.

கட்டாயம் வா. அந்த மின்சாரப் பெட்டியை நான் விற்கவில்லை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி வைத்திருக்கிறேன். மிதிக்கவும் பழகிக்கொண்டேன். படையலுக்கு மீன் வேண்டும், வலையோடு இறங்கத்தான் ஆள் இல்லை. நீ இறங்கு. நான் படகில் இருக்கிறேன். அண்ணன் உன்னை நம்பியது போல நீயும் என்னை நம்பலாம்.

அதுவரை உன் உடம்புக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று தினமும் புத்தரைக் கும்பிடும்,
உன் அண்ணி
சோபியாப்