செங்கா பார்த்த வரைக்கும்

அக்கா,

உங்கள் மூத்தார் வீட்டில் இன்று காலை தெருவை அடைத்துத் தறிக்குப் பாவு நூல் விரித்துக் கஞ்சி போட்டார்கள். அந்தப் புளித்த வாசனை என் அடுப்படி வரைக்கும் வந்தது. நீங்கள் இருந்திருந்தால் கையெல்லாம் கஞ்சியோடு, "ஏம்மா, பால் பொங்குது பாரு" என்று தெருவிலிருந்தே குரல் கொடுத்திருப்பீர்கள். செங்கா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

அவள் என் வயிற்றில் பிறந்தவள். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டே வளர்த்ததில் பாதி நீங்கள். ஆறு வயதில் ஒருநாள் மலையைப் பார்த்துக்கொண்டே உங்களிடம் கேட்டாளே, "பெரிம்மா, முருகன் நெஜமா மேல கீறாரா?" என்று. கிருத்திகை தவறாமல் பல்லில் தண்ணீர் படாமல் மலையேறுகிறவள் நான். வாயில் ஒன்று போடக் கை ஓங்கினேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அவளிடம் சொன்னீர்கள்: "எனுக்குக் கீறாரு கண்ணு. ஒனுக்குக் கீறாரான்னு நீதான் பாத்துச் சொல்லணும்." என்னிடம், "கேக்கற வாய அடைச்சா அப்பறம் நம்மகிட்ட பொய்தான் பேசும்" என்றீர்கள். இரண்டு நாள் உங்களோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் விளக்கேற்றும்போது பார்த்தேன், என் முருகன் ஒரு துளியும் குறைந்துபோகவில்லை.

அதன்பிறகு அவளுக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். "பாத்தது வேற, கேட்டது வேற, நெனைக்கறது வேற. மூணையும் கொழப்பாத." ஒரு படி அரிசி எத்தனை வேளைக்கு வந்தது என்று எழுதிவைக்கிற என் புத்திக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

யுத்தத்தில் நூல் கண்ட்ரோல் வந்து, கடையில் நூல் கிடைக்காமல் போயிற்று. உங்கள் வீட்டுக்காரர் பட்டணத்து மில்லுக்குப் போய்விட்டார், நீங்கள் தனியாகத் தறியை ஓட்டினீர்கள். நகரிப் பக்கத்து ஆள் மூட்டையில் மறைத்து நூல் கொண்டுவருவான். அவன் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டுதான் வாங்குவார்கள். நம் தெருவில் எல்லோரும் அப்படித்தான் வாங்கினார்கள். உங்கள் மூத்தார் மட்டும், "கதவ சாத்திகினு இன்னா வேல?" என்று பேச்சைக் கிளப்பினார். தம்பியின் தறியும் வீடும் தன் கைக்கு வரட்டும் என்றா, நிஜமாகவே சந்தேகமா, எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

கடைசியாக அவன் உங்கள் வீட்டுக்குள் போனதைப் பார்த்தவள் எதிரில் விளையாடிக்கொண்டிருந்த செங்கா ஒருத்திதான். உடனே வெளியே வந்துவிட்டான் என்று பிள்ளை சொல்லட்டும், தாய்க்காரி கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும், பேச்சு அதோடு முடியும் என்றார்கள் பெரியவர்கள். எல்லோரும் மலையேறினோம்.

"சொல்லும்மா, உள்ள போனவன் ஒடனே வந்துட்டானா?"

"போனத பாத்தேன். வந்தத பாக்கல தாத்தா. அம்மா சாப்பிட கூப்ட்டாங்க."

"ஒடனே வந்திருப்பான், இல்ல?"

"வந்திருப்பாரு. ஆனா நான் பாக்கல."

உங்கள் மூத்தார் சிரித்தார். "எழுத்து கத்துகினவ பெத்தது, எப்படி நிறுத்து நிறுத்துப் பேசுது பாத்தீங்களா!"

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "நீயாவது அணை தாயே. பக்கத்து வீட்டுக்காரிய ஒனுக்குத் தெரியாதா?"

தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. என் கை எழவில்லை. நான் பார்க்கவில்லையே, பார்க்காததற்கு எப்படிச் சத்தியம் செய்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை, அக்கா. பொய்ச் சத்தியம் என் பிள்ளையைத் தொடுமோ என்ற பயம். "எனக்கு அவங்கள தெரியும்" என்று சொல்வதற்குக் கற்பூரம் வேண்டியதில்லை. அதைக்கூட நான் சொல்லவில்லை. சொன்னால் சத்தியத்துக்கு இழுப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டேன்.

நீங்கள் செங்காவின் தலையை ஒருதரம் தடவிவிட்டு, எல்லோருக்கும் முன்னால் படியிறங்கிப் போனீர்கள். என்னைப் பார்க்கவில்லை. மறுநாள் காலை வண்டி வைத்துத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உங்கள் வீட்டுக்காரர் பட்டணத்திலிருந்து வந்தார், அழைத்துவரப் போகவில்லை. மழைக்காலத்தில் ஜுரம் என்றார்கள், பிறகு போய்விட்டீர்கள் என்றார்கள்.

செங்கா இப்போது எதைக் கேட்டாலும் "தெரியாது" என்கிறாள். பால்காரன் வந்தானா என்றால் தெரியாது. மழை பெய்ததா என்றால் தெரியாது. முருகனைப் பற்றியும் கேட்பதில்லை; கூப்பிட்டால் வருகிறாள், கும்பிடச் சொன்னால் கும்பிடுகிறாள். தெருவில் எல்லோரும் அடக்கமான பெண் என்கிறார்கள்.

நேற்று பூ தொடுத்துக்கொண்டே கேட்டாள். "அன்னிக்கு நான் ஆங், வந்துட்டாருன்னு சொல்லியிருந்தா, பெரிம்மா இருந்திருப்பாங்க இல்ல?"

"இல்லடி. ஜுரம் யாருக்கு வேணா வரும்."

தெரிந்தே நான் அவளுக்குச் சொன்ன முதல் பொய் அது. தவறியது அவள் இல்லை, நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவளுக்குத் தாய் என்று யாருமே மிஞ்ச மாட்டார்களோ என்று தோன்றியது. என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்து, பூச்சரத்தை என்னிடம் நீட்டினாள்.

நாளைக்குக் கிருத்திகை. உங்களை எனக்குத் தெரியும் என்று சொல்லாத இதே வாயோடுதான் மலையேறி அவன் பெயரைச் சொல்லப் போகிறேன்.